காயைத் தொடுவதற்கு முன்

2014 நவம்பர் 15 அன்று ரஷ்யாவின் சோச்சி நகரில் உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்கான ஆறாவது ஆட்டம் நடந்தது. வெள்ளைக் காய்கள் மாக்னஸ் கார்ல்சனுக்கு, கறுப்பு விஸ்வநாதன் ஆனந்துக்கு. கார்ல்சன் கை ஓங்கியிருந்தது. 26ஆவது நகர்த்தலாக அவர் ராஜாவை டி2 கட்டத்துக்குக் கொண்டுபோனார் (பலகையின் நெடுவரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, கிடைவரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்). பார்த்தால் சாதாரண நகர்த்தல். ராணிகள் வெட்டுப்பட்ட பிறகு ராஜாவை நடுவுக்கு நகர்த்துவது எல்லோரும் செய்வதுதான். ஆனால் ராஜா அந்தக் கட்டத்தில் போய் நின்றதாலேயே ஆனந்துக்கு ஒரு வழி திறந்தது.

ஆனந்தின் குதிரை ஈ5இல் இருந்த சிப்பாயை வெட்டலாம். குதிரை விலகியதும் ஜி வரிசை திறந்துவிடும்; கார்ல்சனின் யானை ஜி8இல் நிற்கும் கறுப்பு யானையை வெட்டும். அதற்கு உடனே பதில் வெட்டு வெட்டாமல், குதிரை சி4இல் உள்ள சிப்பாயையும் வெட்டி ராஜாவுக்குச் செக் வைக்கும். ராஜா டி3க்கு வந்து குதிரையைத் தாக்கினால், குதிரை பி2க்குத் தாவி மறுபடியும் செக். ராஜா நகர்ந்த பிறகு, ஆற அமர ஜி8 யானையை வெட்டிக்கொள்ளலாம். கணக்கு முடியும்போது யானைக்கு யானை சரி, ஆனந்துக்கு இரண்டு சிப்பாய் லாபம்.

ஆனந்த் இதைப் பார்க்கவில்லை. அதிக நேரம் எடுத்துக்கொள்ளாமல் ஏ வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். தள்ளிய கையோடு அவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. கார்ல்சனுக்கு அதற்கு முன்பே, ராஜாவை வைத்த சில நொடிகளிலேயே தெரிந்துவிட்டது. அந்த ஆட்டத்தில் கார்ல்சன் வென்றார், பட்டத்தையும் 6.5-4.5 என்ற கணக்கில் தக்கவைத்துக்கொண்டார். எதிர்பார்க்காத பரிசை மனிதன் சில நேரம் எடுத்துக்கொள்வதில்லை என்ற பொருளில் ஆனந்த் பின்னர் பேசினார்.

இதை வெறும் சுவாரசியத் துணுக்காகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. அந்த இடத்தைப் பலகையில் அடுக்கி, ‘கறுப்புக்கு இங்கே ஒன்று இருக்கிறது, கண்டுபிடி’ என்று சொன்னால், இரண்டு மூன்று வருடம் ஒழுங்காக விளையாடிய பள்ளிப் பையன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். உலகின் தலைசிறந்த இருவருக்கும் அந்த நொடியில் திறமை குறைந்துபோகவில்லை. ‘இந்த நகர்த்தலுக்குப் பிறகு எதிரி என்ன செய்யலாம்’ என்ற கேள்வி அந்த நொடியில் இருவர் மனத்திலும் எழவில்லை, அவ்வளவுதான். நகர்த்துவதற்கு முன் மதிப்பிடுவது என்று நாம் பேசுவதில் பெரும்பங்கு இந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கமே. பத்து நகர்த்தல் ஆழத்துக்குக் கணக்குப் போடும் திறமைக்கு அதில் இடம் உண்டுதான். ஆனால் நம்மில் பலரின் தோல்விக்கு அந்தத் திறமை இல்லாதது காரணமே அல்ல.

முதலில் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘நான் இதை ஆடினால் அவர் அதை ஆடுவார், பிறகு நான் இதை’ என்று மனத்துக்குள் காய்களை நகர்த்திப் பார்ப்பது கணக்கு. அப்படிப் போய்ச் சேர்ந்த நிலை யாருக்குச் சாதகம் என்று தீர்ப்புச் சொல்வது மதிப்பீடு. கணக்குச் சரியாக இருந்து தீர்ப்புத் தவறினாலும் ஆட்டம் போய்விடும். தீர்ப்புச் சொல்லத் தெரிந்தும் கணக்கைப் பாதியில் நிறுத்தினால் அதைவிட வேகமாகப் போய்விடும்.

இந்தப் பாதியில் நிறுத்தும் சிக்கலை மிகத் தெளிவாக எழுதியவர் செஸ் வீரரல்ல, கணிதவியலாளர். அமெரிக்காவின் கிளாட் ஷானன் 1950இல் வெளியான ஒரு கட்டுரையில், கணினிக்குச் செஸ் கற்றுக்கொடுப்பது எப்படி என்று யோசித்தார். நிலையை எண்ணால் மதிப்பிட ஒரு சூத்திரம் தந்தார். ராணிக்கு 9, யானைக்கு 5, பிஷப்புக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1. ஒரே வரிசையில் இரட்டையாக நிற்பது, துணையில்லாமல் தனித்து நிற்பது போன்ற பலவீனமான சிப்பாய்களுக்கு அரைப் புள்ளி குறைவு. காய்களுக்குப் போக இடம் இருந்தால், இடத்துக்கு 0.1 கூடுதல். இந்தச் சூத்திரத்தைவிட அவர் கூடவே வைத்த நிபந்தனைதான் நமக்குப் பாடம். வெட்டுக்குத்து ஓய்ந்து நிலை அமைதியான பிறகே இதைப் பயன்படுத்த வேண்டும் என்றார். உங்கள் ராணி எதிரியின் ராணியை வெட்டிய கணத்தில் எண்ணிக் காட்டினால் நீங்கள் 9 புள்ளி முன்னிலை. அடுத்த நகர்த்தலில் அவர் உங்கள் ராணியை வெட்டிவிட்டால் அந்த 9க்கு என்ன மதிப்பு?

புதிதாக ஆடுபவர்கள் கணக்கை நிறுத்தும் இடத்தைக் கவனித்தால் ஒன்று தெரியும். தங்களுக்குப் பிடித்த இடத்தில், பெரும்பாலும் தங்கள் நகர்த்தலில் நிறுத்துவார்கள். ‘நான் வெட்டுவேன், அவர் வெட்டுவார், நான் மறுபடி வெட்டுவேன்’ என்று முடித்துவிட்டு மனம் நிறைந்து காயைத் தொடுவார்கள். எதிரி அதற்குப் பிறகு வைக்கும் செக் அவர்கள் கணக்கில் வருவதில்லை. எதிரியின் பதிலோடு முடித்துப் பார்ப்பது, அதுவும் அவரிடம் இனிச் செக்கோ வெட்டோ இல்லை என்ற இடத்தில் முடிப்பது, பழகினால் வரக்கூடியது.

பெரிய ஆட்டக்காரர்கள் நம்மைவிட மிக ஆழமாகப் பார்க்கிறார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. நெதர்லாந்தின் உளவியலாளர் அட்ரியான் டி க்ரூட் இதைச் சோதித்துப் பார்த்தார். அவரே நல்ல ஆட்டக்காரர், செஸ் ஒலிம்பியாடில் ஆடியவர். 1938இல் நெதர்லாந்தில் நடந்த அவ்ரோ போட்டிக்கு உலகின் முதல்நிலை வீரர்கள் வந்தபோது அவருக்கு அரிய வாய்ப்புக் கிடைத்தது. அலெகைன், யூவே, கெரெஸ், ஃப்ளோர் போன்றவர்கள் முன் ஒரு நிலையை வைத்து, நினைப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நகர்த்தலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அதே நிலைகளை அவர்களைவிடத் தரம் குறைந்த, ஆனால் நன்றாக ஆடக்கூடியவர்களிடமும் கொடுத்தார். 1946இல் முனைவர் பட்ட ஆய்வாக வெளியான முடிவு பலருக்கு ஆச்சரியம். எத்தனை நகர்த்தல்களைப் பரிசீலித்தார்கள், எவ்வளவு ஆழம் போனார்கள் என்பதில் இரு பிரிவினருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கிராண்ட்மாஸ்டர்கள் பரிசீலித்தவை நல்ல நகர்த்தல்களாக இருந்தன. பலகையைப் பார்த்தவுடனேயே எது முக்கியம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பார்வை பல்லாயிரம் நிலைகளைப் பார்த்துப் பழகியதால் வருவது. அதற்குக் குறுக்குவழி இல்லை. ஆனால் இன்னொரு வித்தியாசத்தை 2004இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் மிஷல் கௌலி, ரூத் பர்ன் இருவரும் சுட்டிக்காட்டினார்கள், அது கற்றுக்கொள்ளக்கூடியது. தங்கள் நகர்த்தலைச் சரிபார்க்கும்போது திறமையான ஆட்டக்காரர்கள் அதைப் பொய்யாக்கும் பதிலைத் தேடுகிறார்கள். கற்றுக்குட்டிகளோ, தங்கள் திட்டத்துக்கு ஒத்துப்போகும் பதிலையே எதிரி ஆடுவார் என்று கற்பனை செய்கிறார்கள். உள்ளூர்ப் போட்டிகளில் ‘அவன் இதைப் பார்க்க மாட்டான்னு நினைச்சேன்’ என்று தோற்றவர் சொல்வதை எத்தனை முறை கேட்டிருப்போம்! அதை ஏமாற்றத்தில் வந்த புலம்பல் என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது அவர் சிந்தித்த முறையின் துல்லியமான விவரிப்பு.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளை ராஜாவின் சிப்பாயை ஈ4க்குத் தள்ளுகிறது, கறுப்பு ஈ5. உடனே வெள்ளை ராணியை எச்5க்குக் கொண்டுவருகிறது. பள்ளிப் போட்டிகளில் தினமும் நடப்பது. கறுப்புக் காய்களோடு இருக்கும் குழந்தையின் கை ஜி சிப்பாயை நோக்கிப் போகும். ஜி6க்குத் தள்ளினால் ராணியை மிரட்டலாம், ராணி ஓட வேண்டும், நல்லதுதானே? ராணி ஓடும்தான், ஆனால் ஈ5 சிப்பாயை வெட்டிக்கொண்டு ஓடும். அது ராஜாவுக்குச் செக்கும்கூட. அதோடு, ஜி சிப்பாய் நகர்ந்ததால் ஈ5இலிருந்து எச்8 வரை மூலைவிட்டம் வெறிச்சோடிவிட்டது. செக்கை எந்தக் காயால் மறைத்தாலும் அடுத்து மூலையில் நிற்கும் யானை போய்விடும். ஒரே நகர்த்தலில் சிப்பாய், அடுத்ததில் யானை.

இப்போது அதே குழந்தை சி6க்குக் குதிரையைக் கொண்டுவந்து ஈ5 சிப்பாயைக் காத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை பிஷப்பை சி4இல் வைக்கிறது. இப்போது ராணியும் பிஷப்பும் சேர்ந்து எஃப்7ஐக் குறிவைக்கின்றன. குழந்தைக்கு இன்னொரு குதிரையை எஃப்6இல் வைத்து ராணியை மிரட்ட ஆசை. வைத்தால் அடுத்த நகர்த்தலிலேயே எஃப்7இல் செக்மேட். இந்த இடத்தில் சரியான பதில், முந்தின நகர்த்தலில் யானையைப் பறிகொடுக்க வைத்த அதே ஜி6தான்! ஈ5 சிப்பாய்க்கு இப்போது குதிரையின் காவல் இருக்கிறது. ஜி6 சிப்பாய் எச்5க்கும் எஃப்7க்கும் நடுவே அடைத்துக்கொண்டு நிற்கிறது. ராணி எஃப்3க்கு இறங்கி மறுபடி எஃப்7ஐ மிரட்டினால், அப்போது எஃப்6 குதிரை நல்ல நகர்த்தல் ஆகிவிடும்.

இந்த நான்கு நகர்த்தல்களில் ஜி6 தவறாக இருந்து சரியானது. எஃப்6 குதிரை செக்மேட்டுக்கு வழிவிட்டதாக இருந்து தற்காப்பாக மாறியது. ஜி6இன் தோற்றம் இரண்டு இடத்திலும் ஒன்றே: ‘ராணியை மிரட்டுகிறேன்.’ அது நல்லதா கெட்டதா என்பதை எதிரி அடுத்து என்ன செய்ய முடியும் என்பது மட்டுமே தீர்மானித்தது. ‘ராணியை சீக்கிரம் வெளியே கொண்டுவராதே’, ‘குதிரையை முதலில் எடு’ போன்ற பொது விதிகளைச் சொல்லிக்கொடுக்கும்போது இந்த உதாரணத்தையும் கூடவே சொல்லிக்கொடுத்தால் நல்லது. விதிகள் எந்த நகர்த்தலைப் பரிசீலிக்கலாம் என்று காட்டும். அது இந்த இடத்தில் செல்லுமா என்று சொல்லாது.

எதிரியின் எல்லாப் பதில்களையும் பார்க்க யாராலும் முடியாது. நடு ஆட்டத்தில் ஒரு நிலையில் முப்பது நாற்பது நகர்த்தல்கள் சாத்தியம். அதனால் பயிற்சியாளர்கள் உலகம் முழுக்க ஒரே வரிசையைச் சொல்கிறார்கள்: முதலில் செக், பிறகு வெட்டு, பிறகு மிரட்டல். காரணம் எளிது. செக்குக்கு நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். வெட்டுக்குப் பெரும்பாலும் சொல்ல வேண்டும். மிரட்டலுக்கு அநேகமாகச் சொல்ல வேண்டும். உங்கள் திட்டத்தைக் கலைக்கும் சக்தி இந்த மூன்றில்தான் இருக்கிறது. சோச்சியில் ஆனந்த் தவறவிட்டது ஒரு வெட்டும் அதைத் தொடர்ந்த இரண்டு செக்கும். எதிரியிடம் உள்ள செக்குகளை, அபத்தமாகத் தோன்றுபவை உட்பட, ஒன்று விடாமல் பார்ப்பதுதான் முக்கியம். ‘அது எப்படியும் சும்மா வெட்டுப்படும்’ என்று தள்ளிவிட்ட செக்கில்தான் பலர் விழுந்திருக்கிறோம்.

எதிரி கடைசியாக ஆடிய நகர்த்தல் எதற்காக என்று பார்ப்பதும் இதே பழக்கத்தின் ஒரு பகுதி. உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்க 1956இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் டிக்ரான் பெட்ரோசியான், டேவிட் பிரான்ஸ்டைனை மூச்சுவிட முடியாமல் நெருக்கிவைத்திருந்தார். பிரான்ஸ்டைனால் உருப்படியாக ஆட முடிந்தது ஒரு குதிரையை மட்டும். அந்தக் குதிரை எஃப்5க்கு வந்து பெட்ரோசியானின் ராணியைத் தாக்கியது. பெட்ரோசியான் கவனிக்காமல் தன் குதிரையை நகர்த்தினார். ராணி போனது, ஆட்டமும் போனது. பின்னாளில் உலக சாம்பியனான, தற்காப்பில் அவரைப்போல் ஒருவர் இல்லை என்று பெயரெடுத்த மனிதர் இவர். எதிரியிடம் ஒன்றும் இல்லை என்ற நினைப்பு வந்த இடத்தில் கேள்வி கேட்பது நின்றுவிட்டது.

ஆழ்ந்து கணக்குப் போட்டவரும் இதில் தப்புவதில்லை என்பதற்கு விளாடிமிர் கிராம்னிக்கின் கதை இருக்கிறது. 2006 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் என்ற கணினி நிரலோடு அவர் மோதினார். அப்போது அவர் உலக சாம்பியன். இரண்டாவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு நல்ல நிலையில் இருந்தவர், 34ஆவது நகர்த்தலில் ராணியை ஈ3க்குக் கொண்டுபோனார். கணினி ராணியை எச்7இல் வைத்தது. செக்மேட். ஒரே நகர்த்தலில்! இந்த வரிசையைப் பல நகர்த்தல்களுக்கு முன்பிருந்தே திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுச் சரிபார்த்ததாக அவர் பிறகு சொன்னார். எச்7இல் வந்த ராணிக்குக் காவலாக இருந்தது எஃப்8இல் ஒரு காயை வெட்டிவிட்டு நின்ற குதிரை. குதிரை அந்தக் கட்டத்திலிருந்து செக்மேட்டுக்குத் துணைநிற்பது ஆட்டங்களில் அடிக்கடி வருவதில்லை. கண் பழகாத அமைப்பு. முன்கூட்டியே செய்த சரிபார்ப்பு முழுவதும் மனத்திலிருந்த பலகையில் நடந்தது. காயைத் தொடும் நேரத்தில் எதிரே இருந்த பலகையைப் புதிதாகப் பார்க்கவில்லை.

சோவியத் மாஸ்டர் பெஞ்சமின் புளூமென்ஃபெல்ட் இதற்கென்றே ஒரு வழி சொன்னார். நன்கு யோசித்து முடிவெடுத்த பிறகு, நகர்த்தலை முதலில் குறிப்பேட்டில் எழுது. எழுதிவிட்டு, இப்போதுதான் செஸ் கற்றுக்கொண்டவனின் கண்ணால் பலகையை ஒரு முறை பார். எனக்கு ஒரு நகர்த்தலில் செக்மேட் விழுகிறதா? ராணி சும்மா நிற்கிறதா? இல்லை என்றால் ஆடு. சோவியத் கிராண்ட்மாஸ்டர் அலெக்சாண்டர் கோடோவ் இதைத் தன் எழுத்துகளில் பரப்பினார். பல தலைமுறை வீரர்கள் இப்படியே பழகினார்கள். எழுதும் சில நொடிகள் சிந்தனையைக் கலைத்துவிடுவதுதான் இதன் சூட்சுமம். கணக்கிலிருந்து மனம் வெளியே வந்து பலகையைப் பார்க்கிறது. ஆனால் 2005இல் சர்வதேசச் செஸ் கூட்டமைப்பு, நகர்த்தலை முன்கூட்டியே எழுதுவதைத் தடைசெய்துவிட்டது. அது குறிப்பெடுத்து வைத்துக்கொள்வதற்குச் சமம் என்று கருதப்பட்டது. டிரா கோரும்போதும், ஆட்டத்தை ஒத்திவைக்கும்போதும் மட்டும் விதிவிலக்கு. என்னைக் கேட்டால், கற்றுக்கொள்பவர்கள் அளவிலாவது இந்தத் தடை ஒரு நஷ்டம்தான். இப்போது அந்த இடைவெளியை வேறு எப்படியாவது உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சிலர் எதிரியின் நகர்த்தலை எழுதும் நேரத்தை அதற்குப் பயன்படுத்துகிறார்கள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள் என்று பயிற்சியாளர்கள் குழந்தைகளிடம் சொல்வதும் இதற்காகத்தான். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற விதி இருக்கும் ஆட்டத்தில், யோசித்து முடியும்வரை கை பலகைக்கு மேலே இருக்கவே கூடாது.

கோடோவின் இன்னொரு அறிவுரை எனக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை. பரிசீலிக்க வேண்டிய நகர்த்தல்களை முதலிலேயே பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் கிளைகளையும் ஒரே ஒரு முறை மட்டும் போய்வா, திரும்பிப் போகாதே என்றார் அவர். ஒழுங்குக்கு நல்லது, பட்டியலிடும் பழக்கமும் பொன்னானது. ஆனால் மனிதர்கள் அப்படி யோசிப்பதில்லை. டி க்ரூட்டின் முன் வாய்விட்டு யோசித்த பெரிய ஆட்டக்காரர்களே ஒரே நகர்த்தலுக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்துகொண்டு வந்தார்கள். ஒரு கிளையில் கண்ட எதிரியின் தந்திரம் இன்னொரு கிளையிலும் இருக்கிறதா என்று பார்க்கத் திரும்பித்தான் ஆக வேண்டும்.

இருந்தாலும் பட்டியல் ஏன் தேவை என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. மெரிம் பிலாலிச், பீட்டர் மெக்லியட், ஃபெர்னாண்ட் கோபே ஆகியோர் 2008இல் வெளியிட்டது. பழக்கமான ஒரு செக்மேட் வழியும், அதைவிடக் குறைந்த நகர்த்தல்களில் முடியும் பழக்கமில்லாத வழியும் உள்ள நிலையை நல்ல ஆட்டக்காரர்களிடம் கொடுத்தார்கள். பலர் பழக்கமான வழியைக் கண்டுபிடித்துவிட்டு, இதைவிடச் சிறந்தது இருக்கிறதா என்று தேடுவதாகச் சொன்னார்கள். அவர்கள் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்து அளந்தபோது, முதலில் கண்ட வழிக்குரிய கட்டங்களையே அது சுற்றிக்கொண்டிருந்தது. தேடுகிறோம் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். பிடித்த நகர்த்தலை ஒரு தாளுக்கு அடியில் மறைத்ததுபோல் தள்ளிவைத்து, ‘அது விதிப்படி முடியாது என்றால் வேறு என்ன ஆடுவேன்’ என்று கேட்டால் இந்தச் சுற்றலிலிருந்து வெளியே வர முடிகிறது.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் கணக்கின் பக்கம். தீர்ப்பின் பக்கத்துக்கு நம் ஊர்க்காரர் ஒருவர் பட்டம் வென்ற ஆட்டத்தைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் 14ஆவது, கடைசி ஆட்டம். டிங் லிரன் வெள்ளை, டி. குகேஷ் கறுப்பு. இருவரிடமும் ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷுக்கு இரண்டு சிப்பாய், டிங்குக்கு ஒன்று. டிரா ஆகிவிடும் என்று பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் நினைத்த நிலை. 55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2இல் வைத்து, யானைக்கு யானை வெட்டிக்கொள்ள அழைத்தார். தற்காப்பவர் காய்களைக் குறைக்க நினைப்பது நியாயமான உள்ளுணர்வு. காய்கள் குறையக் குறைய டிரா நெருங்கும் என்றுதான் நமக்கும் சொல்லித்தந்திருக்கிறார்கள்.

ஆனால் டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் நின்றது. யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் பிஷப்பை டி5இல் கொண்டுவந்து அதன் எதிரே நிறுத்தினார். மூலையிலிருந்து வெளியேற அந்த ஒரே மூலைவிட்டம்தான் வழி. பிஷப்புகளும் வெட்டுப்பட்டே ஆக வேண்டும். மிஞ்சுவது ராஜாவும் இரண்டு சிப்பாயும், எதிரே ராஜாவும் ஒரு சிப்பாயும். அந்தச் சிப்பாய் ஆட்டம் குகேஷுக்கு வெற்றி. மூன்று நகர்த்தல்களில் டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார், 7.5-6.5 என்ற கணக்கில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். டிங் யானையை வைத்தவுடன் தனக்கும் இது உறைக்கவில்லை, வேறு நகர்த்தலை ஆடவிருந்தேன் என்று குகேஷே பிறகு சொன்னார். சோச்சியில் ஆனந்துக்குக் கிடைத்தது போன்ற வாய்ப்புதான். இவர் காயைத் தொடுவதற்கு முன் நிறுத்திப் பார்த்தார்.

ஒரு வெட்டுப் பரிமாற்றத்தை மதிப்பிடும்போது ஷானனின் எண்கள் உதவாது. யானைக்கு யானை, 5க்கு 5, பிஷப்புக்குப் பிஷப், 3க்கு 3. கணக்கு மாறவே இல்லை, ஆட்டம் மட்டும் தோற்றுவிட்டது. பலகையில் மிச்சம் என்ன இருக்கும், அது யாருக்குச் சாதகம் என்பதே கேள்வி. இதற்கு இறுதி ஆட்டங்களைப் படித்தே ஆக வேண்டும். ராஜாவும் சிப்பாயும் மட்டும் உள்ள எளிய நிலைகளில் எது வெற்றி, எது டிரா என்று ஐயமில்லாமல் தெரிந்தவருக்கு, நடு ஆட்டத்தில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தீர்ப்புச் சொல்ல ஓர் உரைகல் கிடைக்கிறது. தொடக்க ஆட்டங்களை மனப்பாடம் செய்வதில் பெற்றோர் காட்டும் ஆர்வத்தில் பாதியை இதில் காட்டலாம். சிப்பாய் நகர்த்தல்களுக்கும் கூடுதல் யோசனை தேவை. குதிரையைத் தவறான இடத்தில் வைத்தால் திரும்பக் கொண்டுவரலாம்; சிப்பாய் பின்னால் வராது. அது காத்துவந்து விட்டுப்போன கட்டங்களை இனி அதனால் காக்க முடியாது.

இதையெல்லாம் எப்படிப் பழகுவது? புதிர்கள் தீர்ப்பது எல்லோரும் சொல்லும் வழி, நல்ல வழியும்கூட. அமைப்புகளைக் கண் பழகிக்கொள்ள அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் புதிரில் ஒரு குறை உண்டு. ‘வெள்ளை ஆடி வெல்லும்’ என்று எழுதியிருக்கும்போதே பாதி வேலை முடிந்துவிட்டது. ஏதோ இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். உண்மையான ஆட்டத்தில் அதை யாரும் சொல்வதில்லை. நான் நம்பும் பயிற்சி இதற்கு நேர்மாறானது. ஒரு மாஸ்டர் ஆட்டத்தை எடுத்து, நடுவில் ஏதோ ஒரு நகர்த்தலில் நிறுத்தி, உங்கள் நகர்த்தலையும் அதற்கு எதிரியின் ஆகச் சிறந்த பதிலையும் எழுதுங்கள். அந்தப் பதிலுக்குப் பிறகு யாருக்குச் சாதகம், ஏன் என்று ஒரு வாக்கியம். அதன் பிறகே அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள். உங்கள் நகர்த்தல் மாஸ்டரின் நகர்த்தலோடு பொருந்தியதா என்பது இரண்டாம் பட்சம். எதிரியின் பதிலாக நீங்கள் எழுதியது உண்மையில் வலுவான பதிலா என்று பாருங்கள். பலவீனமான பதிலை எழுதியிருந்தால், உங்கள் மனம் எங்கே எதிரிக்குக் கண்ணைக் கட்டுகிறது என்று அங்கே தெரியும்.

செஸ் ஆடும் கணினி நிரலான எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று கைப்பேசியிலேயே உலக சாம்பியனைவிட வலுவான நிரல் ஓடுகிறது. பலகைக்குப் பக்கத்தில் ஒரு பட்டை ஏறி இறங்கி, எந்த நகர்த்தலில் யார் பக்கம் சாய்ந்தது என்று சொல்லிவிடுகிறது. அந்த எண் சரியானதுதான். ஆனால் அதைப் பார்த்த கணத்தில் நாமே தீர்ப்புச் சொல்லும் வேலை நின்றுவிடுகிறது. குகேஷின் பயிற்சியாளராக இருந்த விஷ்ணு பிரசன்னா, அவர் கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை எஞ்சின் பக்கம் விடவில்லை. 2019 ஜனவரியில் 12 வயதில் அந்தப் பட்டம் வந்தபோது, அந்தப் பையனின் தீர்ப்புகள் எல்லாம் சொந்தத் தலையில் உருவானவை. எல்லோருக்கும் இவ்வளவு கடுமை தேவையில்லை. தோற்ற ஆட்டத்தை முதலில் தானே அலசி, எங்கே தடுமாறியது என்று எழுதிவைத்துவிட்டு, பிறகு எஞ்சினைத் திறந்தால் போதும். எஞ்சின் சொன்ன எண்ணுக்கும் நீங்கள் எழுதிய வாக்கியத்துக்கும் நடுவிலுள்ள வித்தியாசம்தான் பாடம்.

கடைசியாக நேரம். ஒலிம்பியாடில் ஒருவருக்கு முதல் 40 நகர்த்தல்களுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 30 நொடி. சராசரி போட்டால் நகர்த்தலுக்கு இரண்டே முக்கால் நிமிடம். எல்லா நகர்த்தலுக்கும் சமமாகப் பங்கிட வேண்டியதில்லை, பங்கிடவும் கூடாது. காய்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடம், பரிமாற்றம், திரும்ப முடியாத சிப்பாய் நகர்த்தல், ராஜாவுக்கு அருகே ஏதாவது திறப்பது: பெரிய யோசனை இந்த இடங்களுக்கு. மற்ற இடங்களில் எதிரியின் செக்குகளையும் வெட்டுகளையும் ஒரு சுற்றுப் பார்க்கச் சில நொடிகள் போதும். ஆனால் அந்தச் சில நொடிகளை எங்கேயும் விடக்கூடாது. தமிழ்நாட்டில் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில், கடிகாரத்தில் முக்கால்வாசி நேரம் மிச்சமிருக்க, தோற்றுவிட்டு வெளியே ஓடிவரும் குழந்தைகளைப் பார்க்கலாம். பெற்றோர் முதலில் கேட்பது ‘ஜெயிச்சியா?’ என்று. ‘கடிகாரத்துல எவ்வளவு நேரம் மிச்சம் இருந்துச்சு?’ என்றும், ‘அவன் என்ன ஆடுவான்னு நினைச்ச?’ என்றும் கேட்டுப் பார்க்கலாம். இரண்டாவது கேள்விக்குக் குழந்தை பதில் சொல்லத் தொடங்கிவிட்டால் அடுத்த வாரப் போட்டியில் கடிகாரம் மெதுவாக ஓடும்.